பின்ஹோல் கேமராவில் ஒரு கணத்தைப் பிடிக்க முடியுமா?

3 பிப்ரவரி 2025

ஒரு வாசகரின் கேள்வி: "ஊசித்துளைக் கேமராவில் எடுத்த படத்தைப் பார்த்தால் பழைய ஞாபகம் மாதிரி இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். என் கண்ணுக்கு அது மங்கலான படம், அவ்வளவுதான். அரை நிமிஷம் திறந்து வைக்கிற டப்பாவுக்குள் ஓடிப்போகிற கணம் எப்படி விழும்? போன் ஆயிரத்தில் ஒரு வினாடியில் எடுத்துவிடுகிறது. ஞாபகத்துக்கு அதுதானே நெருக்கம்?"

3 பிப்ரவரி, இரவு

விழாது. ஓடுகிற குழந்தை, பறக்கிற காக்கை, சிரித்து முடிவதற்குள் மாறிவிடும் முகம் எல்லாம் வேண்டுமென்றால் போன் போதும். பின்ஹோல் கேமரா என்கிற ஊசித்துளைக் கேமராவில் லென்ஸ் கிடையாது, ஒரு டப்பாவில் ஊசியால் குத்திய துளை வழியாக ஒளி உள்ளே போய்த் தாளில் படமாக விழும், அவ்வளவுதான்.

ஆனால் ஞாபகம் என்பது ஒரு கணம்தான் என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? அம்மா அடுப்படியில் நிற்பது உங்களுக்கு நினைவு வருகிறது என்றால் அது எந்த நாள், எத்தனை மணி, என்ன புடவை? எனக்குச் சொல்லத் தெரியாது. எத்தனையோ காலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துபோன அம்மா அது. அடுப்பு இருந்த இடமும் ஜன்னல் வெளிச்சமும் தெளிவாக இருக்கின்றன, அம்மாவின் கை மட்டும் அசைந்துகொண்டே இருக்கிறது. டப்பாவில் வருகிற படமும் அப்படித்தான் இருக்கிறது. அதனால்தான் நான் இதை விடாமல் செய்துகொண்டிருக்கிறேன்.

நான் கும்பகோணத்துப் பக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து 19 வருஷம். மனைவி இங்கேயே, இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பாட்டிக்கு 84 வயது. இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம், எனக்கும் அவர் ஆயாதான். இந்த டப்பா வேலையெல்லாம் ஆரம்பித்தது அவரால்தான். அவரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

4 பிப்ரவரி

டப்பா எப்படிச் செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். என்னுடையது ரிகாஃபி டப்பா. தென்னாப்பிரிக்காவில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அது ஒன்று இருக்கும், காபி தீர்ந்த பிறகு அதில் ஆணி, பருப்பு, பொத்தான் என்று ஏதாவது கிடக்கும். உள்ளே முழுக்க மங்கலான கறுப்பு பெயின்ட் அடியுங்கள், பளபளக்கிற கறுப்பு வேண்டாம். பக்கவாட்டில் ஒரு ஓட்டை வெட்டி, அதன்மேல் குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய தகட்டை ஒட்டுங்கள். அந்தத் தகட்டில்தான் ஊசித்துளை. ஊசியை ஒரே குத்தாகக் குத்தாமல் மெதுவாகச் சுழற்றி இறக்க வேண்டும். பின்பக்கம் எழும்புகிற பிசிறைத் தண்ணீர் போட்டு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, இன்னொரு முறை ஊசியை விடுங்கள். துளை வட்டமாக இல்லையென்றால் படமும் உருப்படாது.

அளவுக்குக் கணக்கு இருக்கிறது, ராலே பிரபு என்கிற ஆங்கிலேய இயற்பியலாளர் சொன்னது. துளைக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை ஒளியின் அலைநீளத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1.9-ஆல் பெருக்க வேண்டும். என் டப்பாவில் தூரம் 100 மில்லிமீட்டர். அலைநீளம் 0.00055 மில்லிமீட்டர் என்று வைத்தால் துளை 0.45 மில்லிமீட்டர் வரும். துளை பெரிதானால் படம் கலங்கும். ரொம்பச் சிறிதானாலும் ஒளி ஓரத்தில் வளைந்து கலங்கத்தான் செய்யும். சின்னதாகக் குத்தினால் துல்லியம் கூடும் என்று நினைத்து நிறையப் பேர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். அளப்பதற்கு நான் தகட்டை ஸ்கேனரில் 2400 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 2400 புள்ளியில், ஸ்கேன் செய்வேன். துளை 42 புள்ளி அகலம் வந்தால் சரி.

உள்ளே பிலிமுக்குப் பதில் கறுப்பு வெள்ளைப் பிரின்ட் போடுகிற தாள். அதன் வேகம் ஐஎஸ்ஓ 6 அளவுக்குத்தான், ஒளியை ரொம்ப மெதுவாகத்தான் வாங்கும். சிவப்பு விளக்கில் கையாளலாம். நல்ல வெயிலில் அரை நிமிஷம் திறக்க வேண்டும், நிழலில் நாலைந்து நிமிஷம்.

இங்கே மின்வெட்டு உச்சத்தில் இருந்த மாதங்களில் சைக்கிளின் பின்னால் மாட்டுகிற சிவப்பு விளக்கை வைத்துத்தான் தாள் கழுவினேன். வீடே இருண்டு கிடக்கும்போது இருட்டறைக்குத் தனியாக இடம் தேட வேண்டியதில்லை. அந்த இரண்டு மணி நேரம் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

4 பிப்ரவரி, பிற்பகல்

விட்டுப்போனது: மூடி வெளிச்சம் கசியாமல் இருக்க வேண்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்.

13 பிப்ரவரி

தைப்பூசக் காவடிக்கு டப்பாவோடு போனேன். கோயில் வாசலுக்கு எதிரே ஒரு கல்மேல் வைத்து 35 வினாடி திறந்தேன். அந்த 35 வினாடிக்குள் என் முன்னால் எட்டுப் பத்துக் காவடி போயிருக்கும். பால்குடம், வேல் குத்தியவர்கள், பின்னால் அரோகரா போட்டுக்கொண்டு வந்த சொந்தக்காரர்கள், தோளில் குழந்தைகள், எல்லோரும் போனார்கள்.

வீட்டுக்கு வந்து தாளைக் கழுவினால் ஒருவர்கூட இல்லை. வெள்ளை மதில், வாசல், பந்தல் கால். கீழே இடது மூலையில் செருப்புக் குவியல். அது மட்டும் அத்தனை துல்லியமாக வந்திருக்கிறது, ஒரு ரப்பர் செருப்பின் வார் அறுந்து பின்னூசி குத்தியிருப்பதுவரை தெரிகிறது. செருப்பை விட்டுவிட்டு எல்லோரும் எங்கோ போய்விட்ட மாதிரி.

இதற்கு முன்னோடி இருக்கிறது. 1838-இல், புகைப்படக் கலையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான தாகேர் பாரிஸ் நகரத்தின் ஒரு பெரிய தெருவை மாடியிலிருந்து எடுத்தார். அது லென்ஸ் வைத்த கேமராதான், ஆனால் பல நிமிஷம் திறந்து வைக்க வேண்டிய காலம். வண்டியும் ஆளும் நிறைந்த தெரு படத்தில் காலியாகக் கிடக்கிறது. மிஞ்சியது ஒரு ஓரமாக நின்று பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டவர் மட்டும், பாலிஷ் போடுகிறவர் கொஞ்சம் மங்கலாக. நின்றவர் நிலைத்தார், நடந்தவர்கள் போய்விட்டார்கள்.

ஆக உங்கள் கேள்விக்கு என் முதல் பதிலே சரி என்று அன்றைக்கு ராத்திரி நினைத்தேன். போகிறவர்களை இந்தக் கேமரா வைத்துக்கொள்வதில்லை.

22 பிப்ரவரி

மேலே எழுதியது தப்பு, திருத்துகிறேன்.

காவடிப் படத்தைப் பெரிதாகப் போட்டு மேசையில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த மாமா, அதாவது மனைவியின் தாய்மாமன், அதைப் பார்த்துவிட்டு, "மதிலுக்கு ஏன் பாதிக்குக் கீழே அழுக்கு?" என்றார். நேரில் அந்த மதில் அடியிலிருந்து நுனிவரை ஒரே வெள்ளை. விழாவுக்காகச் சுண்ணாம்பு அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆனால் படத்தில் தரையிலிருந்து ஒரு உயரம்வரை சாம்பல், அதற்கு மேலே வெள்ளை. அந்தச் சாம்பலின் மேல்விளிம்பு நேர்கோடாக இல்லை, மெல்லிய அலையாக ஏறி இறங்குகிறது. செருப்பின் அளவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அது ஆள் உயரம்.

அவர்கள்தான் அது. 35 வினாடியும் யாராவது ஒருவர் மதிலை மறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். தனித்தனி முகமாக யாரும் இல்லை, ஆனால் அத்தனை பேரும் சேர்ந்து மதிலின் வெள்ளையைக் குறைத்திருக்கிறார்கள். வேல் குத்திய அந்தப் பையனும் அதற்குள் இருக்கிறான், அவனைப் பிடித்துக்கொண்டு நடந்த அவன் அம்மாவும் இருக்கிறார்.

இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பத்து நாளாக அந்தப் படத்தை வெறும் வாசல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

9 மார்ச்

கேள்வி கேட்டவர் மறுபடியும்: "சாம்பல் பட்டையைக் காட்டி இதுதான் உன் மாமா என்று சொன்னால் யார் ஒப்புவார்கள்?"

நியாயம். சொல்லாமல் யாருக்கும் தெரியாது. ஆனால் போனில் இருக்கும் நாலாயிரம் படத்தில் எதைப் பார்த்தாலும்கூட யாராவது பக்கத்தில் உட்கார்ந்து இது இன்னார், இது இன்ன நாள் என்று சொல்ல வேண்டித்தானே இருக்கிறது?

21 ஏப்ரல்

பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஈஸ்டருக்குத்தான் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது, அதனால் அம்மன் திருவிழா அந்த நாளிலேயே நிலைத்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சனம் தாங்காது.

நாலு தாள் எடுத்தேன், மூன்று வீண். ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். பிரின்ட் தாளுக்குச் சிவப்பு தெரியாது, மஞ்சளும் சரியாகத் தெரியாது, நீலமும் கொஞ்சம் பச்சையும்தான். அதனால் மஞ்சள் புடவைகள் எல்லாம் படத்தில் கறுத்துப்போகின்றன. கதவு நிலையில் வைத்த குங்குமம் கரிப்பொட்டு. சாமந்தி மாலை நிலக்கரி மாதிரி. மாரியம்மன் கோயிலில் மஞ்சள் போய்விட்டால் என்ன மிச்சம் என்று கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. வானம் மட்டும் வெள்ளைவெளேர்.

29 ஏப்ரல்

ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு உலக ஊசித்துளைப் படநாள், 2001-லிருந்து நடக்கிறது. இந்த வருஷம் அது 27-ஆம் தேதி விழுந்தது. தென்னாப்பிரிக்காவில் ஏப்ரல் 27 சுதந்திர நாள், 1994-இல் எல்லோரும் முதல்முறையாக வாக்குப் போட்ட நாள். இரண்டும் ஒன்றாக வந்ததால் எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை, மாமாவைக் கூட்டிக்கொண்டு கேட்டோ மேனருக்குப் போனேன்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். கேட்டோ மேனரில் ஒரு காலத்தில் நம் ஆட்கள் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தார்கள். பெரும்பாலும் கரும்புக்காட்டு ஒப்பந்தம் முடிந்து வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள். 1950-இல் வந்த குழுப்பகுதிச் சட்டம் யார் எங்கே குடியிருக்கலாம் என்று நிறத்தை வைத்துப் பிரித்தது. கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. இந்தியர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அங்கேயே உம்கும்பானே ஆற்றை ஒட்டி ஆயிரக்கணக்கில் வாழ்ந்த ஆப்பிரிக்கர்களைக் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் அனுப்பினார்கள். நம் வீடு போன கதையைச் சொல்லும்போது அவர்கள் வீடு போனதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பிறகு பல வருஷம் அந்த மேடு முழுக்கப் புல் மண்டிக் கிடந்தது, கோயில்கள் சில மட்டும் நின்றன.

ஆயாவின் குடும்பம் கிளம்பியது 1964-இல். மரச்சட்டத்தில் தகரம் அடித்த வீடு, பின்னால் வாழை, முன்னால் ஒரு மாமரம். அந்த வீட்டின் படம் ஒன்றுகூட இல்லை. யாரிடமும் கேமரா இல்லை. அந்தக் காலத்தில் குடும்பத்தில் எடுத்த படமெல்லாம் அடையாளப் பத்திரத்துக்கு எடுத்தது மட்டும்தான்.

மாமா காட்டிய இடத்தில் மாமரம் இருக்கிறது. இதே மரம்தானா என்று கேட்டேன், இருக்கும் என்றார். அவர் அங்கிருந்து கிளம்பும்போது அவருக்கு நாலு வயது. இப்போது அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வீடுகள். ஒரு வீட்டு அம்மாளிடம் கேட்டுக்கொண்டு டப்பாவைத் தரையில் வைத்தேன், மேலே ஒரு கல். பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். டப்பாவில் கேமரா என்றதும் ஒருவரும் நம்பவில்லை. துளைமேல் ஒட்டியிருந்த டேப்பை எடுத்தேன். பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறார்கள், ஒருவன் மட்டும் மரத்தில் சாய்ந்துகொண்டு துளையையே முறைத்துப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறான். 40 வினாடி.

படத்தில் மரம் இருக்கிறது. இலை காற்றில் ஆடிப் புகைபோல. அடிமரம் கெட்டியாக, பட்டையில் வெடிப்புகூடத் தெரிகிறது. அதில் சாய்ந்து அந்தப் பையன், சட்டையில் எழுத்து இருக்கிறது என்று சொல்கிற அளவுக்கு. ஓடிய மற்றவர்கள் புல்லின்மேல் ஒரு லேசான சாம்பல்.

ஆயாவிடம் காட்டினேன். மரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "இந்தப் பையன் யாரு, நல்லா நிக்கிறானே" என்றார். அடுத்த வாரம் போகும்போது அவனுக்கு ஒரு பிரின்ட் கொண்டுபோக வேண்டும்.

29 ஏப்ரல், இரவு

பிரின்டைப் பற்றி ஒரு குறிப்பு: கேமராவிலிருந்து வருவது நெகட்டிவ் தாள், அதிலேயும் இடவலம் மாறியிருக்கும். ஸ்கேன் செய்து நிறத்தையும் பக்கத்தையும் திருப்பிக்கொள்ளலாம். அல்லது இன்னொரு தாளோடு முகத்துக்கு முகம் வைத்து மேலே கண்ணாடி வைத்து ஒளி காட்டலாம். நான் பையனுக்கு இரண்டாவது வழியில்தான் போடப் போகிறேன்.

18 மே

ஆயாவை எடுத்தேன். இவ்வளவு நாள் அவர் சம்மதிக்கவில்லை. காலை பத்து மணி, பின்கட்டுப் படியில் வெயில் காய்ந்துகொண்டு மடியில் தட்டு வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அசையாமல் இருங்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் பத்திரத்துக்கு எடுத்த படம் மாதிரி ஆகிவிடும். 45 வினாடி.

தட்டு, படி, புடவையின் கீழ்விளிம்பு, சுவரில் சாத்திய துடைப்பம், இவை ஒவ்வொன்றும் கூர்மை. முகம் இருக்கிறது, ஆனால் இரண்டு மூன்று முகம் ஒன்றன்மேல் ஒன்றாக. ஒருமுறை என்னைப் பார்த்தார், ஒருமுறை தட்டைப் பார்த்தார், அவ்வளவும் விழுந்திருக்கிறது. கைகள் இல்லை. முழங்கைவரை வந்து, அதற்குப் பிறகு தட்டுக்கு மேலே ஒரு மூட்டம். அந்த மூட்டத்துக்கு அடியில் தட்டின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்து மறைகிறது.

பார்த்த மாத்திரத்தில் என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயாவின் கை என்றால் இப்படித்தான், எனக்கு நினைவு தெரிந்த நாளாக அது சும்மா இருந்து நான் பார்த்ததில்லை என்றார். போனில் எடுத்தால் அந்தக் கை நின்றிருக்கும், நின்ற கை ஆயாவுடையது அல்ல.

ஆயாவுக்கு அந்தப் பிரின்ட் பிடிக்கவில்லை. கழுவித் தண்ணீர் சொட்ட மாட்டியிருந்த நெகட்டிவ் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நெகட்டிவில் நரைத்த தலை கறுகறுவென்று இருக்கிறது, தாளுக்கு எட்டாத முகத்தின் மாநிறம் வெளுத்திருக்கிறது. "இது நான்தான், கேட்டோ மேனர்லே இருந்தப்போ" என்று சொல்லி அதை சாமி மாடத்துக்குப் பக்கத்தில் செருகிவைத்திருக்கிறார்.

1 ஜூன்

போன மாதம் எழுதியதற்குப் பிறகு நடந்தது. இந்தப் பேச்சின் போக்கையே மாற்றுகிறது, அதனால் முழுசாக எழுதுகிறேன்.

ஆயாவுக்கு டப்பா எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். மரத்தின் உச்சியிலிருந்து வருகிற ஒளி துளை வழியாகப் போய்க் கீழே விழும், அடியிலிருந்து வருவது மேலே போகும், அதனால் உள்ளே எல்லாம் தலைகீழ் என்று கையைக் குறுக்கே வைத்துக் காட்டினேன். இது சீனாவில் மோ ட்சு என்கிற தத்துவஞானியின் வழிவந்தவர்கள் 2000 வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்தது, 11-ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல் ஹைதம் விளக்குகளை வரிசையாக வைத்துச் சோதித்துப் பார்த்தது என்றெல்லாம் சொல்லத் தொடங்கினேன். ஆயா நடுவிலேயே, "இது எங்க வீட்டிலே இருந்திச்சே" என்றார்.

அந்தத் தகர வீட்டில் தெருப்பக்கச் சுவரில் ஆணி கழன்ற துளை ஒன்று இருந்திருக்கிறது. காய்ச்சல் என்று பகலில் கதவையும் ஜன்னலையும் சாத்திப் படுக்கவைப்பார்களாம். அப்போது எதிர்ச்சுவரில் தெருவே ஓடுமாம். புல் மேலே, வானம் கீழே. மாடு தலைகீழாகப் போகும். அவருடைய அப்பா விடியற்காலைச் சந்தையில் கீரையும் கத்தரிக்காயும் விற்றுவிட்டு மதியம் திரும்பும்போது காலை மேலே வைத்துக்கொண்டு வருவாராம், காலிக் கூடை கீழே தொங்குமாம். "பார்த்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன். அவர் கூப்பிடறதுக்கு முன்னாடியே எப்படித் தெரியுதுன்னு அவருக்கு ஆச்சரியம். நான் கடைசிவரைக்கும் சொல்லவே இல்லை" என்றார். அந்தச் சந்தை 1934-லிருந்து வார்விக் பக்கத்தில் இருக்கிறது, இன்றும் அங்கே தேங்காயும் கறிவேப்பிலையும் வாங்கப் போகிறோம்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். 3 மீட்டர் அகல அறைக்கு ராலே கணக்கில் துளை 2.4 மில்லிமீட்டர். ஒரு சாதாரண ஆணி.

இனி என் முதல் பதிலுக்கு வருகிறேன். கணம் விழாது என்று பிப்ரவரியில் அடித்துச் சொன்னேன். விழுகிறது. துளை எதையும் தடுப்பதில்லை, மாடும் மனிதரும் நடந்தபடியே, நிறத்தோடு, உள்ளே வருகிறார்கள். தாளுக்குத்தான் வேகம் போதவில்லை. நான் இத்தனை மாதம் தாளின் குணத்தைத் துளையின் குணம் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். கேள்வி கேட்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆடி மாதம் ஓட்டு வீட்டில் படுத்திருந்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். கும்பகோணத்தில் எங்கள் கூடத்தில் ஓட்டு இடுக்கு வழியாக வட்டவட்டமாக வெயில் விழும், மதியத்துக்குள் அது ஊஞ்சலிலிருந்து தூண்வரை நகர்ந்துவிடும். அந்த வட்டம் ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் வடிவம். மரத்தடியில் விழும் புள்ளிகளும் அப்படியே, கிரகணத்தன்று பார்த்தால் எல்லாம் பிறையாக இருக்கும்.

23 ஜூன்

நடுவில் வேறொன்று. டிசம்பரில் ஊசித்துளை போட்டுக் கூரை ஓரத்தில் கட்டிவைத்த குளிர்பான டின்னை நேற்று அவிழ்த்தேன், ஆறு மாதம். உள்ளே தாளை வைத்து அப்படியே விட்டுவிட வேண்டும், சூரியன் ஒவ்வொரு நாளும் ஒரு வளைகோடு போட்டுக்கொண்டே போகும். கழுவவே கூடாது, வெயிலே தாளைக் கருக்கிவிடும். எடுத்ததும் ஒரே ஒரு முறை ஸ்கேன், ஸ்கேனர் வெளிச்சமே அதைக் கெடுக்கத் தொடங்கிவிடும். இங்கிலாந்தில் ரெஜினா வால்கன்பரோ 2012-இல் ஒரு வானாய்வகத்தில் மாட்டிய பியர் டின்னை 2020 செப்டம்பரில்தான் கண்டெடுத்தார்கள், எட்டு வருஷத்து வளைவுகள் 2953.

போன முறை நான் டின்னைத் தெற்கே பார்த்துக் கட்டினேன். இணையத்தில் கிடைத்த செய்முறை எல்லாம் வடக்கு உலகத்தில் எழுதியது, எல்லாவற்றிலும் தெற்கு என்றே இருக்கும். டர்பனில் நடுப்பகல் சூரியன் வருஷம் முழுக்க வடக்கே. அந்தத் தாளில் கோடைக் காலையும் மாலையும் விழுந்த சின்னக் கீறல்கள் இரண்டு ஓரத்தில், நடுவில் ஒன்றுமில்லை. ஆறு மாதம் போய்விட்டது.

இந்த முறை வடக்கே. இன்னொரு சிக்கல் இருந்தது: டிசம்பரில் இங்கே நடுப்பகல் சூரியன் ஏறத்தாழ 84 பாகை உயரம், ஜூனில் 37. நேராக நிற்கும் டின்னுக்கு 40 பாகைக்குச் சற்று மேலேவரைதான் பார்வை எட்டும். ஆக கோடை வளைவுகள் இல்லவே இல்லை, ஏப்ரல் வளைவுகள் இரண்டு பக்கமும் ஏறி உச்சியில்லாமல் அறுந்து நிற்கின்றன, மே நடுவிலிருந்துதான் முழு வளைவு. அடுத்த முறை டின்னைப் பின்னால் சாய்த்துக் கட்டுவேன்.

கோடுகள் நடுநடுவே அறுந்திருப்பது மேகம். கீழே எதிர்வீட்டுக் கூரை, மின்கம்பம். அந்த ஆறு மாதத்தில் எதிர்வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது, பந்தல் மூன்று நாள் நின்றது, மாவிலைத் தோரணம் கட்டினார்கள். படத்தில் எங்கே தேடியும் பந்தல் இல்லை. இப்போது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாசல் கொஞ்சம் வெளுத்திருக்கிற மாதிரி இருக்கிறது, அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

13 ஜூலை

ஆயாவின் அறையை இருட்டாக்கினோம். அவர் இரண்டு வாரமாக இருமலோடு படுத்திருக்கிறார், தெருப்பக்கம் வரவே இல்லை. தெருப்பக்க ஜன்னலுக்குக் கறுப்புத் தார்ப்பாய், ஓரமெல்லாம் டேப், கதவடியில் பழைய துண்டு. நடுவில் ஒரு தகட்டில் ஆணித்துளை. எதிர்ச்சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பை இழுத்து மாட்டினேன். முதலில் ஒன்றும் தெரியாது, கண் பழக பத்து நிமிஷமாவது வேண்டும், அவசரப்பட்டு யாரும் டேப்பைப் பிரித்துவிடாதீர்கள்.

பிறகு மெதுவாக வந்தது. முதலில் வானத்தின் நீலம் விரிப்பின் அடியில், அப்புறம் எதிர்வீட்டுக் கூரையின் சிவப்பு, அப்புறம் கொடியில் காய்கிற துணி மேல்நோக்கிப் படபடத்தது. தாள் எனக்குக் காட்டாத மஞ்சள் அங்கே இருந்தது, யாரோ மஞ்சள் துண்டு ஒன்றைக் காயப்போட்டிருந்தார்கள். ஒரு மினிபஸ் சத்தம் தெருவில் வலதிலிருந்து இடது போனது, பஸ் விரிப்பில் இடதிலிருந்து வலது போனது. என் மகள் கத்திவிட்டாள். ஆயா ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒருமுறை போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து விரிப்பின் பக்கம் நீட்டினார்.

படம் எடுக்கலாமா என்று போனை எடுத்தேன், அப்புறம் உள்ளே வைத்துவிட்டேன்.

மாமா ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். இருட்டில் நாங்கள் எல்லோரும் துணியையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருந்தோம். விரிப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு உருவம் கால் மேலே, தலை கீழே, கையில் பையோடு உள்ளே வந்தது. எனக்கு யாரென்று பிடிபடுவதற்குள் ஆயா தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"கதவைத் திறங்க, வந்துட்டான்."